கவர்னரைக் கழற்றினால் ஏற்றம் ஏறுமா?
"கவர்னரைக் கழற்றிவிட்டால் மினி பைக் எந்த மலையையும் ஏறும்" என்று ஒரு கட்டுரையில் இருப்பதை நம்பி யாரும் ஸ்பானரைத் தூக்க வேண்டாம். அந்தக் குட்டி பைக்கின் எஞ்சினை நிமிடத்துக்கு 3600 சுற்றுக்குப் பக்கத்தில் பிடித்து வைப்பது கவர்னர். அதை எடுத்தால் சமதரையில் வேகம் கூடும், ஏற்றத்தில் இழுவை கூடாது. சுற்று எல்லை மீறினால் கனெக்டிங் ராட் உடையும், வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் சிதறவும் கூடும், அதுவும் காலுக்குப் பக்கத்திலேயே. இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் மச்சானின் 196 சிசி பைக்கில் நாங்கள் கை வைத்தது பின் ஸ்பிராக்கெட்டில்தான், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில். இழுவை கூட அதைப் பெரியதாகப் போட்டோம், அப்புறம் சுற்று கூடினால் தானே பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்சைக் கழற்றிவிட்டு, ஏற்றத்துக்குத் தக்கபடி கியர் விகிதத்தைத் தானே மாற்றும் டார்க் கன்வர்ட்டர். அதற்கு முன், தேயிலை மலையில் கான் (வடிகால்) ஓரமாக மெதுவாக ஏறினாலே கிளட்ச் கருகி நாறும்; கழற்றிப் பார்த்தால் டிரம் நீலம் பாய்ந்து கிடந்தது. நுவரெலியா போன்ற 1868 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, எஞ்சின் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்பரேட்டருக்குச் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டால் பெட்ரோல் குறைந்து கறுப்புப் புகையாவது நிற்கும். சாமானுக்கு ரொம்ப அலைய வேண்டாம், மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர் பம்பிலும் அநேகமாக அதே வகை எஞ்சின்தான். அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் "இறக்கத்தில் எஞ்சினே பிடிக்கும்" என்று எழுதிய தம்பிக்கு: சுற்று குறைந்ததும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் போவதுபோல் உருளும். மலிவு பைக்குகள் பலவற்றில் பின்சக்கர பிரேக் ஒன்றுதான். முதல் செலவை அதில் செய்யுங்கள், எஞ்சின் பிறகு. பதிவில்லாத வண்டி மெயின் ரோட்டுக்கு ஆகாது. தோட்டப் பாதை என்றாலும் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.