பைபாஸ் போட்டால் டேங்க் காலியாகிவிடாது

“பைபாஸ் வால்வைத் திருப்பினால் போதும், பழைய வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) டேங்க் காலியாகிவிடும், ஒருவரே பேஸ்மென்ட்டிலிருந்து தூக்கி வந்துவிடலாம்” என்று சிலர் சொல்வது தவறு. அப்படி முயன்றால் முதுகு போய்விடும்.

பைபாஸ் செய்வது ஒன்றுதான்: வீட்டுக்குப் போகும் தண்ணீர் டேங்குக்குள் நுழையாமல் சுற்றிப் போகும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் அழுத்தமும் அப்படியே நிற்கும். பைபாஸ் போட்டபின் கையால் ஒரு ரீஜெனரேஷனைத் (தண்ணீரின் கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகளை உப்புநீரால் கழுவிப் புதுப்பிக்கும் சுற்று) தொடங்கிவிடுங்கள், அழுத்தம் வடிகால் குழாய் வழியாக இறங்கிவிடும். அப்புறம்தான் குழாய் இணைப்பில் கை வைக்க வேண்டும்.

எடைதான் பெரிய விஷயம். 10 அங்குல விட்டமும் 54 அங்குல உயரமும் உள்ள சாதாரண டேங்க் தண்ணீரும் ரெசினுமாக 60 கிலோவைத் தாண்டும். அடியில் சரளைக்கல் போட்ட பழைய மாடல் என்றால் இன்னும் கூடும். பெரும்பாலும் அடியில் வடிகால் துளையும் இருக்காது. தலைப்பகுதி வால்வைக் கழற்றினால் நடுவில் ஒரு குழாய் தெரியும். அதன் அடியில் சல்லடை இருப்பதால், ஈரத்தை உறிஞ்சும் வாக்யூமை அதன் வாயில் பொருத்தினால் தண்ணீர் மட்டும் வரும், ரெசின் உள்ளேயே தங்கிவிடும்.

டேங்கைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். ரெசின் மணிகள் தரையில் சிதறினால் கடுகு கொட்டிய மாதிரிதான், கால் வழுக்கும். தரை வடிகாலில் போனால் அடைத்தும் கொள்ளும். உப்புத் தொட்டி தனி, அதை அள்ளிக் காலி செய்யலாம்.