மோப்ப நாய் நின்ற இடம்

"மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." திருட்டுச் செய்தி எதை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் இந்த மூன்று வரிகள் இருக்கும். வாசிக்கிறவர் மனதில் நிற்பது ஒன்றுதான்: நாய் வந்தது, தோற்றது. பல ஆண்டுகளாக இதைப் படித்துப் படித்து எனக்குக் கோபம் ஆறவில்லை. நாய் நின்ற இடம்தான் துப்பு. அதைத் தோல்வி என்று எழுதுகிறோம்.

தொண்டிக்குத் தெற்கே கடலோரக் கிராமம் எங்களுடையது. சென்ற சித்திரையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். விடிந்ததும் சேதி பரவியது. ராமநாதபுரத்திலிருந்து நாய்ப்படை வண்டி வந்து சேர்வதற்குள் தெருவே அந்த வீட்டுக்குள் போய் வந்துவிட்டது. பீரோ கதவை ஆளுக்கொரு முறை திறந்து மூடினார்கள். கொல்லைப் பக்கம் திருடர்கள் தூவிவிட்டுப் போயிருந்த மிளகாய்ப் பொடியைக்கூட ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

வண்டியிலிருந்து இறங்கிய காவலர் உடனே நாயை விடவில்லை. புறங்கையை மண்ணில் வைத்துச் சூடு பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. அந்த வாய் மூடும் வரை நிழலில் காத்திருந்தார். கூட்டத்தில் இருந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. "கொண்டல் காற்று வரும் கிழக்குப் பக்கம் நிற்காதீர்கள் ஐயா, உங்கள் வாடைதான் முதலில் அதற்குப் போகும்" என்று எங்களை மேற்கே தள்ளி நிற்கச் சொன்னார். மிளகாய்ப் பொடி கிடந்த இடத்தை விட்டு விலகி, வெளியே ஒரு சுற்றுச் சுற்றித் தடத்தை எடுக்க வைத்தார். நாய் கருவேல முள்வேலி ஓரமாகவே போனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் வட்டமடித்து நின்றது.

"இவ்வளவுதானா?" என்றது ஊர். அந்த இடத்தில்தான் திருடர்கள் வண்டி ஏறியிருக்கிறார்கள். கால் தரையை விட்ட இடத்தில் தடம் முடிகிறது. அதற்கு மேல் அந்த நாய் என்ன செய்ய முடியும்? ஆனால் காவலர்கள் அங்கிருந்துதான் வேலையைத் தொடங்கினார்கள். சாலையோரக் கடைகளின் கேமரா பதிவுகளைக் கேட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான். நாய் அந்தப் பாலத்தைக் காட்டியிராவிட்டால் எந்தத் திசையில் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

நம் உடம்பிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றின் வாடையைத்தான் நாய் பின்தொடர்கிறது. மனித மூக்கில் வாடையை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்பார்கள். நாய்க்கு அது இனத்தைப் பொறுத்து 20 கோடியையும் தாண்டும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் வாடை தங்கும். வெயிலில் காய்ந்த மணலில் விரைவில் கலைந்துவிடும். நம் கடற்கரையில் பத்து மணிக்கே மணல் கொதிக்கிறது. போதாததற்குக் கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் காற்று மணலையே வாரி இறைக்கும். இரைக்கிற நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது, வாய் வழியாக உடம்பைக் குளிர்விக்கவே அதற்கு நேரம் போய்விடும். "கருவாட்டு நாற்றத்தில் நாய்க்கு என்ன தெரியும்" என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கருவாடு அதற்குப் பெரிய தடையே இல்லை. குழம்பு கொதிக்கும்போது நமக்குக் குழம்பு வாசம் வரும், நாய்க்கு மிளகும் மல்லியும் தனித்தனியாக வரும். நாயைக் குழப்புவது நம் கால்கள்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. நாய் ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், அந்த வீட்டுக்காரனைத் திருடன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். இது அநியாயம். மோப்ப நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற ஆட்சேபங்களை உச்ச நீதிமன்றம் 1969-லேயே பேசியிருக்கிறது. விசாரணைக்கு அதன் உதவியைப் பெறலாம், ஆனால் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாக அதைக் கொள்ள முடியாது என்று 2008-இல் ஓர் அசாம் வழக்கில் தெளிவாகவே சொன்னது. நாய் திசை காட்டும். மீதியை மனிதர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெடிகுண்டு தேடும் நாய்களின் நிலை இன்னும் பாவம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத் திறப்பு நடந்தபோதும், ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரியும்போதும் அவை இடம் இடமாக முகர்ந்துகொண்டே போகும். வெடிபொருள் வாடை கிடைத்தால் குரைக்காது, பிறாண்டாது, சத்தமில்லாமல் உட்காரும். அப்படித்தான் பழக்குகிறார்கள். ஒன்றும் கிடைக்காத நாள்தான் நமக்கு நல்ல நாள். ஆனால் நாள் கணக்கில் எதுவும் கிடைக்காமல் போனால் நாய்க்குத் தேடும் ஆர்வமே விட்டுவிடும். அதனால் பயிற்சிப் பொருளை எங்காவது ஒளித்துவைத்து, கண்டுபிடிக்கவிட்டு, பந்தைக் கொடுத்துக் கொஞ்சுவார்கள். நாயை நடத்தும் காவலரின் பொழுது இப்படித்தான் போகிறது. விடியும் முன் ஓட்டம், பிறகு குளிப்பாட்டல், பாதத்தில் முள் பார்ப்பது, சாப்பாடு. பயிற்சிக்குப் போகும்போதே நாயும் ஆளும் சேர்ந்துதான் போகிறார்கள். வால் அசைவில் ஒரு சிறு மாறுதலைப் பார்த்து இவர் புரிந்துகொள்வது இன்னொருவருக்கு வராது. இவரை இடமாற்றம் செய்தால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். குடியரசு தினத்தில் நாய் நெருப்பு வளையம் தாண்டினால் கைதட்டுகிறோம், பிடிகயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் முகம் நம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது எளிது. திருட்டு நடந்தால் உள்ளே போகாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். மண்ணில் கால்தடம் தெரிந்தால் அண்டாவைக் கவிழ்த்து மூடுங்கள். திருடன் விட்டுப்போன துணியை யாரும் கையில் எடுக்காதீர்கள்.

காவல்துறையிடம் கேட்பதும் பெரிதல்ல. ராமநாதபுரத்திலிருந்து தொண்டிப் பக்கம் வண்டி வர ஒரு மணி நேரம் ஆகிறது, அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. கோடை மாதங்களிலாவது தொண்டியில் ஒரு நாயையும் காவலரையும் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் தங்கவைக்க வேண்டும். குளிர்வசதி உள்ள வண்டியும் வேண்டும். இதையெல்லாம் எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஊராட்சி அலுவலகத் திண்ணையில் இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கையெழுத்துப் போடலாம்.