அப்பாவின் காதும் அண்ணனின் கௌரவமும்

"வடை வேணுமாப்பா?" என்று கேட்பேன். "கடை இந்நேரம் மூடியிருப்பானே" என்பார். பேத்திக்குச் சடை பின்னணும் என்றால், "இப்பத்தானே சாப்பிட்டோம், அதுக்குள்ள அடை எதுக்கு?" என்பார். முதல் ஒரு வருடம் சிரித்தோம். அப்புறம் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்காததைக் கேட்டதாகக் காட்டித் தலையாட்டுவார். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்கு இப்போது 78. புதுச்சேரியில் முப்பது வருடம் நெசவாலைத் தறிகளுக்கு நடுவில் நின்றவர். 1962-ல் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து வைத்ததால், அம்மா போன பிறகு அப்பாவை இங்கே ரீயூனியன் தீவுக்கு, சான் தெனி நகருக்கு, என்னோடு அழைத்துவர முடிந்தது. காது மருத்துவர் எடுத்த வரைபடத்தில் மேல்சுருதிப் பகுதியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. தறிச் சத்தம் தின்ற இடம் அதுதான், அதற்கு மேல் வயதும் சேர்ந்துகொண்டது என்றார். எனக்குப் புரிந்த வகையில் சொன்னால், அப்பாவுக்கு உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து கேட்கவில்லை. அ, ஆ, ஓ எல்லாம் கீழ்ச்சுருதியில் பலமாக வரும். ச, த, ப, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி மேலே, மெல்லிசாக இருக்கும். அது உதிர்ந்துவிட்டால் கடை, வடை, சடை, படை எல்லாமே அடைதான். "காது கேக்குது, பேச்சுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை. அதுதான் நோயே. பக்கத்தில் போய்க் கத்துவதால் பயன் இல்லாததும் இதனால்தான். கத்தும்போது உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும்.

சரி, காது மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் பாரிஸில் உள்ள சட்டம்தான் இங்கேயும். 2021 ஜனவரி 1 முதல் காது மிஷின் இரண்டு வகை. முதல் வகைக்குப் பெரியவர்களானால் ஒரு காதுக்கு 950 யூரோவுக்கு மேல் யாரும் விலை வைக்கக் கூடாது. அதில் சமூகக் காப்பீடு 240 கொடுக்கும், மீதி 710-ஐ துணைக் காப்பீடு கொடுக்கும், நம் கையிலிருந்து ஒரு சாந்தீம் கூடப் போகாது. இரண்டாம் வகைக்கு விலை கடைக்காரர் வைத்ததுதான். அதற்கும் சமூகக் காப்பீடு அதே 240-தான் தரும். துணைக் காப்பீடு எவ்வளவு தரும் என்பது நீங்கள் கட்டும் சந்தாவைப் பொறுத்தது. எவ்வளவு நல்ல சந்தாவாக இருந்தாலும், வழக்கமான ஒப்பந்தங்களில் இரண்டும் சேர்ந்து ஒரு காதுக்கு 1700-ஐத் தாண்டாது.

எங்கள் வீட்டில் சமூகக் காப்பீட்டுக்கு 'செக்கு', துணைக் காப்பீட்டுக்கு 'முத்துவேல்'. பிரெஞ்சில் செக்யூ, முய்த்துவெல் என்பவை அப்பாவின் வாயில் அப்படி ஆகிவிட்டன. "முத்துவேல் பணம் போட்டாரா?" என்று அவர் கேட்கும்போது யாரோ பண்ருட்டிச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் போன கடையில் காதுக்கு 1600 யூரோ விலையுள்ள இரண்டாம் வகை மிஷினைத்தான் மேஜையில் வைத்தார்கள். அப்பாவின் சாதாரண முத்துவேல் ஒரு காதுக்கு 160 தருவார், செக்கு 240. கூட்டினால் 400. மீதி 1200 நம்முடையது. இரண்டு காதுக்கு 2400. விலைப்பட்டியலில் முதல் வகை ஒன்றையாவது கட்டாயம் காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்டினார்கள், கடைசிப் பக்கத்தில், "இதுவும் இருக்கிறது, ஆனால் அடிப்படைதான்" என்ற முகத்தோடு. நான் ஃபோனில் படம் எடுத்து பாரிஸ் பக்கம் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அது நான் செய்த தப்பு.

"அப்பாவுக்கு இலவச மிஷினா? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? நான் பாதி போடறேன்" என்றான். அண்ணன் நல்லவன். பணம் போடவும் செய்வான். ஆனால் அந்தக் குரலில் பேசியது அப்பாவின் காதைப் பற்றிய கவலை இல்லை. இலவசம் என்றால் மட்டம், மட்டமானதைப் பெற்றவருக்குக் கொடுத்தால் பிள்ளைக்குக் குறைச்சல் என்ற ஊர்க் கணக்கு அது. ரேஷன் அரிசியைப் பார்க்கும் கண்ணாலேயே இதையும் பார்க்கிறோம். இது இலவசமே இல்லை. அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் முத்துவேலுக்குச் சந்தா போகிறது, என் சம்பளத்திலிருந்து வரி போகிறது. நாம் கட்டியதைத்தான் நாம் வாங்குகிறோம்.

அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு முதலில் இரண்டாம் வகையையே போட்டுப் பார்த்தோம். குறைந்தது 30 நாள் போட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதற்குப் பிறகுதான் பில். இது பலருக்குத் தெரியவில்லை. வாங்கிவிட்டு வருத்தப்படுகிறார்கள். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அப்பாவின் காதுக்குப் பொருத்தியவர் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மறுபடி போனபோது "பழகிடும்" என்றார். தட்டு வைக்கும் சத்தம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா பத்தாவது நாள் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்தோம்.

இரண்டாவது கடை சான் ஆந்த்ரே பக்கம். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். குடும்பப் பெயர் சுத்தத் தமிழ், வாய் முழுக்க இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயர்கள் மட்டும். பேச்சுச் சோதனை என்று ஒன்று உண்டு. பிரெஞ்சு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வரும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் கடையில் அப்பா அதில் வாங்கிய மதிப்பெண் படுமோசம். இருக்காதா பின்னே? 'பூஷோன்' என்றால் பாட்டில் மூடி என்றே தெரியாத மனிதர், கேட்டாலும் எதைத் திருப்பிச் சொல்வார்? அவருடைய காதையா சோதித்தார்கள், பிரெஞ்சையா? இந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள். "உங்கள் மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும் வார்த்தைகள் எழுதித் தருகிறீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். கடை, தடை, படை, வடை, சடை, நடை. பல், கல், சொல், நெல். தட்டு, பட்டு, கட்டு, மொட்டு என்று நாற்பது எழுதினேன். நான் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு படிக்க, அப்பா சொல்ல, அவள் குறித்துக்கொண்டாள். விஞ்ஞானப்படி இது முறையான சோதனை இல்லை என்று அவளே சொன்னாள். ஆனால் எந்தெந்த ஒலி விழுகிறது, எது விழவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போட்டது முதல் வகை மிஷின். உலகத்தில் காது மிஷின் செய்யும் பெரிய கம்பெனிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சுவிட்சர்லாந்தின் ஃபோனாக், டென்மார்க்கின் ஓட்டிகான் மாதிரி. முதல் வகையும் அந்தப் பெரிய கம்பெனிகளிடமிருந்துதான் வருகிறது. ஒலியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் திருத்துகிற சேனல் குறைந்தது 12 இருக்க வேண்டும், நான்கு வருட உத்தரவாதம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பின்னால் போய்ச் சரிசெய்துகொள்வதும் விலைக்குள் அடக்கம். அந்தப் பெண்ணிடம் முதல் இரண்டு மாதத்தில் ஐந்து தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். மூளை பத்து வருடமாகக் கேட்காத ஒலியை ஒரே நாளில் கொட்டினால் அது கதவைச் சாத்திவிடும் என்றாள். மூன்றாவது தடவை வந்து காரில் ஏறியதும் அப்பா, "இண்டிகேட்டர் சத்தம் போடுமா?" என்று கேட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். சின்னது என்று நான் நினைத்தேன், அப்பாவுக்கு அதுதான் எல்லாம். பட்டரி. பழுப்பு ஒட்டு ஒட்டிய 312 நம்பர் பட்டரியைத் தறி பிடித்துத் தடித்த விரலால் எடுக்கவே முடியவில்லை. ஆரஞ்சு ஒட்டு போட்ட 13 நம்பர் போகிற, காதுக்குப் பின்னால் மாட்டும் கொஞ்சம் பெரிய மிஷினுக்கு மாறினோம். அழகு குறைவு, வெளியே தெரியும். "தெரியட்டும், அப்பத்தான் மெதுவாப் பேசுவானுங்க" என்றார். இந்த ஊர் வேர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் ராத்திரி மிஷினை ஈரம் உறிஞ்சும் வில்லை போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். இதை மறந்தால் எந்த வகை மிஷினும் அடிக்கடி மக்கர் பண்ணும்.

இரண்டாம் வகை வீண் என்று சொல்ல வரவில்லை. கோயிலில் அது ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். காவடி அன்று மேளத்துக்கு நடுவில், அந்த விலை மிஷினோடு என் குரலைக் கொஞ்சம் பிரித்துக் கேட்டார். இப்போது இருப்பதில் எல்லாம் ஒரே இரைச்சல். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறார். வருடத்தில் அப்படி எத்தனை நாள்? மற்ற நாளெல்லாம் வீடு, பேத்தி, தமிழ்ச் சீரியல், காரைக்காலிலிருந்து அத்தையின் வாட்ஸ்அப். ஆனால் என்னோடு வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை இரண்டாம் வகைதான் போட்டிருக்கிறார். வகுப்பில் பின்வரிசை முணுமுணுப்பைப் பிடிக்க வேண்டும், ஆசிரியர் கூட்டத்தில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைப் பிரிக்க வேண்டும். அவருடைய முத்துவேலும் தாராளமானவர். அவருக்கு அது சரி. எங்கே, யாரோடு, எத்தனை மணி நேரம் கேட்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதை, நாம் விலையை வைத்துப் பாசத்தை அளக்கிறோம். என் சண்டை இதனோடுதான்.

சென்னையில் வாங்கி வந்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: மிஷின் வந்துவிடும், ஐந்து தடவை திருகுகிற ஆள் வர மாட்டார். ஒவ்வொரு தடவையும் விமானம் ஏற முடியுமா?

ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்து ஒரு சாந்தீம் கூடப் போகாது என்று சொன்னேனே, முத்துவேல் இல்லாதவருக்கு அது இல்லை. முதல் வகையிலேயே காதுக்கு 710 வரை கையிலிருந்து போகும். இங்கே நம் பெரியவர்கள் சிலர் செலவு மிச்சம் என்று முத்துவேலை நிறுத்திவிட்டு இருக்கிறார்கள். வருமானம் குறைவு என்றால் சி.எஸ்.எஸ். என்ற அரசின் துணைக் காப்பீடு இருக்கிறது, மனு போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஃபோனில் கூப்பிட்டு "இலவச மிஷின், உங்கள் செக்கு நம்பர் சொல்லுங்கள்" என்பவனிடம் எதுவும் சொல்லாதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல், காதை நேரில் பார்க்காமல், ஒழுங்கான யாரும் மிஷின் தர மாட்டார்கள்.

அண்ணன் போன மாதம் வீடியோவில் வந்தான். "இப்பவாவது நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்பா" என்று ஆரம்பித்தான். நான்கு வருடம் முடிந்தால் செக்கும் முத்துவேலும் புதிதுக்கு மறுபடி பணம் தருவார்கள், எங்களுக்கு அது நெருங்குகிறது. அப்பா முழுவதையும் கேட்டார். "அந்த 2400-ல டிக்கெட் எடுத்துட்டு நீ வாடா" என்றார்.

நாற்பது வார்த்தைப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இங்கே யாருக்காவது அப்பா அம்மாவை அழைத்துப் போகும்போது தேவைப்பட்டால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.