டிசம்பரில் திருகோணமலைக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்களா? கடலை விடுங்கள், நத்தார்க் குடிலுக்குப் போங்கள்

நத்தார் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வரப்போகிறவர்களுக்கும், இங்கேயே இருந்துகொண்டு "இந்தச் சின்னதுகளை எங்கே கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு.

இணையத்தில் திருகோணமலை என்று தேடினால் வருகிற அழகான படங்கள் அநேகமாக மே முதல் செப்டெம்பர் வரைக்குள் எடுத்தவை. கண்ணாடி மாதிரி நிலாவெளிக் கடல், புறாத்தீவுக்குப் போகிற படகு, திமிங்கிலம். டிசம்பரில் இங்கே வடகீழ்ப் பருவக்காற்று. நவம்பரும் டிசம்பரும்தான் எங்களுக்கு மழை கொட்டுகிற மாதங்கள். கடல் கரையில் நின்று பார்க்கிறவருக்கு விளையாட்டாகத் தெரியும். ஆனால் அலை திரும்பும்போது காலுக்குக் கீழே இருக்கிற மண்ணை உருவிக்கொண்டு போகும். மூன்று வயதுப் பிள்ளை முழங்காலளவு தண்ணீரிலேயே குப்புற விழும், எழும்புமுன் அடுத்த அலை வந்துவிடும். உப்புவெளியோ நிலாவெளியோ டச்பேயோ, இந்த மாதத்தில் பார்க்க மட்டும். "இன்றைக்குக் கடல் பரவாயில்லை, வாங்கோ" என்று யாராவது படகுக்குக் கூப்பிட்டால் உயிர்காப்பு அங்கியைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய ஆட்களின் அளவுதான் இருக்கும். அதைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும்.

அப்படியென்றால் என்ன செய்வது? ஒரு நாளைக்கு ஒரு இடம், அவ்வளவுதான். டிசம்பரில் இங்கே ஆறு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும். மத்தியானம் நித்திரை கொள்ளவிட்டு நாலு மணிக்கு வெளிக்கிட்டு, ஏழரைக்கு வீட்டில் நின்றால் பிள்ளையும் சிரிக்கும், தாயும் சிரிப்பார். காலையில் கன்னியா வெந்நீரூற்று, பின்னேரம் பிரெட்ரிக் கோட்டை, இரவு கரோல் என்று ஒரே நாளில் அடுக்கினால் மூன்றாவது இடத்தில் அழுகைதான்.

முதலில் ஒளிவிழா, பிள்ளைகள் மேடையேறுகிற நத்தார் விழா. பாலர் பாடசாலை, அறநெறி வகுப்பு, சங்கம், அலுவலகம் என்று டிசம்பர் முழுக்க ஒளிவிழாதான். ஊர் முழுக்க மழைக்குள்ளே வெள்ளை சட்டின் உடுப்போடு சம்மனசு (வானதூதர்) வேடப் பிள்ளைகள் ஓடித்திரியும். பெற்றோர் கோட்டை விடுகிற இடம் அந்தச் சிறகு. காட்போட் மட்டையில் வெட்டினால், வாசலில் ஆட்டோவால் இறங்கி மண்டபத்துக்குள் போகுமுன் தூறலில் ஊறித் தொங்கிவிடும். ரெஜிபோம் தாளில் வெட்டுங்கள், பாரமும் இல்லை. தோளுக்குப் போடுகிற இலாஸ்டிக் ஒரு அங்குல அகலமாவது இருக்கவேண்டும். மெல்லியதைப் போட்டால் அரை மணித்தியாலத்தில் அக்குளில் சிவப்புக் கோடு விழும், பிள்ளை மேடையிலேயே அதை இழுத்துக்கொண்டு நிற்கும். தலை வளையத்துக்குக் கம்பி பாவித்தால் இரண்டு நுனியையும் உள்ளே மடித்து, மேலே ரேப் சுற்றுங்கள். மினுக்கத் தூளை முகத்தில் பூசவே வேண்டாம், வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும். சிறகைக் கட்டுமுன் சலம் இருக்கவிடுங்கள். கட்டியபிறகு கேட்டால் முழுவதையும் கழற்றவேண்டிவரும்.

ஒழுங்குசெய்கிறவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று மணி என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு, பிரதம விருந்தினர் வரும்வரை பாலர் வகுப்பை மேடைக்குப் பின்னால் இருத்திவைக்கிற பழக்கத்தை விடுங்கள். நாலு வயதுப் பிள்ளை உடுப்பு மாற்றி நாற்பது நிமிடம்தான் தாங்கும். சின்னவர்களின் நிகழ்ச்சியை முதலில் போடுங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உரைகளைப் பெரியவர்கள் பிறகு ஆறுதலாக இருந்து கேட்கட்டும். (கேட்பார்களா என்பது வேறு கதை.)

இந்த மாதத்தில் சின்னவர்களோடு போக ஊரில் இதைவிட நல்லது இல்லை என்று நான் சொல்வது, இயேசு பிறந்த தொழுவத்தைச் சொரூபங்களோடு காட்டுகிற குடில் பார்க்கப் போவதைத்தான். தூய மரியாள் பேராலயத்திலிருந்து சின்னச் சின்னச் சிற்றாலயங்கள் வரை, பிறகு வீட்டு முற்றங்கள், சந்திகள். செலவில்லை, நடக்கிற தூரம், மழை வந்தால் ஒதுங்கலாம். ஒரு பின்னேரத்துக்கு மூன்று குடில் போதும். பிள்ளையின் கண் குடிலுக்கு நேராக வரும்படி நீங்களும் குந்துங்கள். நின்றபடி பார்க்கிறவருக்குக் கூரைதான் தெரியும், குந்தினால்தான் வைக்கோலுக்குள் படுத்திருக்கிற ஆட்டுக்குட்டி தெரியும். "பாலன் எங்கே?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பாலனின் (குழந்தை இயேசுவின்) சொரூபத்தை 24 இரவுத் திருப்பலியில்தான் வைப்பார்கள், அதுவரை தீவனத் தொட்டி வெறுமையாகவே இருக்கும். "இன்னும் பிறக்கேல்லை, ஐந்து நித்திரை இருக்கு" என்று சொன்னால் அவர்களுக்குக் கணக்கு விளங்கும். பிறகு ஒவ்வொரு நாளும் அவர்களே குறைத்துக்கொண்டு வருவார்கள்.

வீட்டில் குடில் கட்டுகிறவர்கள் கல்லும் மண்ணும் வைக்கோலும் பொறுக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், அதுவே ஒரு பயணம். வைக்கோல் ஈரமென்றால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். கொண்டுவந்த உடனே காற்றாடியின் கீழ் பரப்பிவிடுங்கள். தட்டையான தட்டில் ஈரமண் போட்டுக் குரக்கனைத் தூவினால் ஒரு கிழமையில் பச்சைப்புல் தயார், தண்ணீர் தெளிக்கிற வேலை பிள்ளைக்கு. குடிலுக்குள் மெழுகுதிரி வேண்டவே வேண்டாம், சின்ன எல்.ஈ.டி. மின்குமிழ் போதும். வெளியே சோடிக்கிற வயரில் ஒட்டு இருந்தால் அதை நிலத்தில் கிடக்கவிடாதீர்கள். மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், திரும்பத் திரும்ப மேலே தட்டிவிடாமல் வயரைக் கழற்றிப் பாருங்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு டிசம்பர்தான் சரியான காலம் என்பேன். வெயில் மாதத்தில் வெந்நீரில் குளித்து என்ன சுகம்? நகரத்திலிருந்து அனுராதபுரம் வீதியால் எட்டுக் கிலோமீற்றரளவு. ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, சூடு குறைந்த கிணற்றில் தொடங்குங்கள். முதலில் காலுக்கு, பிறகு முதுகுக்கு, தலைக்குக் கடைசியாக. கட்டு வழுக்கும், ஓடவிடாதீர்கள். சவர்க்காரம் கொண்டுபோகாதீர்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் வெந்நீரைக் குற்றம் சொல்லாதீர்கள், குளித்த ஈரத்தோடு காற்றில் நிற்கவிட்டிருப்பீர்கள். துவாயை ஒருவர் விரித்துப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். அங்கே இறந்தவர்களுக்கான கிரியைகளும் நடக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் மான் பார்ப்பதும் கோணேசர் கோயில் வரை நடப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏற்றம் இருக்கிறது, தள்ளுவண்டி சரிவராது. மானுக்குப் பிஸ்கட் கொடுத்துப் படமெடுக்காதீர்கள், உறையையும் சேர்த்துத் தின்றுவிடும். கோயில் பக்கம் குரங்கு நிற்கும், சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். சில வருடங்களில் நத்தாரும் திருவெம்பாவையும் ஒன்றாக வரும், அப்போது விடியற்காலையில் கோயில் மணி, இரவில் கரோல். அலையில்லாத தண்ணீர் பார்க்கவேண்டுமென்றால் உட்துறைமுக வீதி.

பை. ஒரு பிள்ளைக்கு இரண்டு மாற்றுடுப்பு, தனித்தனிப் பையில் கட்டியபடி. ஈர உடுப்புக்கு வேறாக ஒரு சொப்பின் பை. மெல்லிய துவாய், கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றர், பம்பர்ஸ் கட்டுகிற பிள்ளையென்றால் மூன்று. குடை வேண்டாம், இந்தக் காற்றுக்கு மறுபக்கம் புரளும், மழைக்கோட்தான். ஆட்டோ பிடித்தால் இரண்டு பக்கமும் றெக்சின் திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் நாலு பேர், நடுவில் தலைக்கவசம் இல்லாத பிள்ளை, மேலே மழை. இதற்கு "கிட்டத்தானே" என்று சமாதானம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

டெங்கு நுளம்பு கூடுதலாகக் கடிப்பது விடியலிலும், பொழுதுபடுமுன்னும். நாங்கள் வெளிக்கிடுகிற அதே நேரம். ஆகவே நீளக் கை, நீளக் காற்சட்டை, நுளம்பு எண்ணெய். காய்ச்சல் வந்தால் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரோஃபனும் கொடுக்கவேண்டாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாள் காய்ந்தால் "பயணக் களைப்பு" என்று வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உடுப்பெடுக்க மத்திய வீதிக்கோ பிரதான வீதிக்கோ போகிறவர்கள் 20ஆம் திகதிக்கு முன், வேலைநாள் காலையில் கடை திறக்கும்போதே போங்கள். சப்பாத்தைக் கடையில் நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்து வாங்கி, வீட்டில் இரண்டு நாள் போட்டுப் பழக்குங்கள். பிள்ளையின் கையில் உங்கள் போன் இலக்கத்தைப் பேனாவால் எழுதி மேலே செலோரேப் ஒட்டினால் வியர்வைக்கு அழியாது.

நத்தார் தாத்தாவுக்குப் பயப்படுகிற பிள்ளையைத் தாத்தாவின் மடியில் திணித்துப் படமெடுக்காதீர்கள். பயம் அந்தப் பிளாஸ்டிக் முகமூடிக்குத்தான், வாய் அசையாமல் குரல் மட்டும் வருகிறது. வேடம் போடுகிறவர் பிள்ளைக்கு முன்னாலேயே முகமூடியைப் போட்டுக் கழற்றிக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும். பரிசை அம்மாவின் கையால் கொடுக்கட்டும்.

24 இரவுத் திருப்பலிக்கு ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை நித்திரையால் எழுப்பிக்கொண்டு போகவேண்டாம் என்பது என் கருத்து. "உன்னதங்களிலே" என்ற பாட்டைத் தொடங்க மணி அடிக்கும், வெளியே வெடி வெடிக்கும், பிள்ளை திடுக்கிட்டு எழும்பி வீரிடும். 25 காலைத் திருப்பலி அமைதியாக இருக்கும், தொட்டியில் பாலனும் இருப்பார். அதுவரை பார்க்காத குடில்களுக்காக அந்தரப்படவும் தேவையில்லை, தை முதல் வாரம் வரை வைத்திருப்பார்கள்.

26 காலை 9.25க்கு 2004 சுனாமியில் போனவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். அன்று காலை கரையோரமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு சுற்றுலா வேண்டாம். பின்னேரம், மழை விட்டிருந்தால், நாலு மணிக்கு வெளிக்கிடலாம்.