ஸ்டீவன்ஸோட காலை விடுங்க, அவர் செஞ்சதைப் பேசுங்க

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், திரும்ப விவரிக்கல. மேடையில இருந்தவர், அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களை எதிர்த்து நின்ன 19ம் நூற்றாண்டு அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பத்தி "அந்த நொண்டிக் கிழவனுக்குத் தெற்கு மேல வெறுப்பு, அவ்வளவுதான்"னு சொல்லிட்டுப் போயிட்டார், சபையும் சிரிச்சுது. ரெண்டு நாளா மனசு ஆறல.

1792ல வெர்மான்ட்ல பாதம் வளைஞ்சு பிறந்தவர். அப்பா விட்டுட்டுப் போக, அம்மாதான் ஆளாக்கினாங்க. வக்கீலானார். பென்சில்வேனியாவுல இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து பண்ணப் பார்த்தப்போ, 1835ல சட்டசபையில எழுந்து பேசி அதைக் காப்பாத்தினார். 1838ல மாநில அரசியல் சாசனம் கறுப்பின மக்களோட ஓட்டைப் பறிச்சப்போ கையெழுத்தே போட மாட்டேன்னுட்டார். இதுல வெறுப்பு எங்க இருக்கு?

"அவரோட இரும்பாலையை 1863ல உள்நாட்டுப் போர்ல தெற்குப் படை எரிச்சுதே, அந்தக் கோபம்தான்"னு சொல்வீங்க. கையெழுத்து மறுத்தது அதுக்கு 25 வருஷம் முன்னாடிங்க, தேதியையாவது பாருங்க.

"1821ல அடிமை முதலாளிக்கு வாதாடினாரே"ன்னும் கேப்பீங்க. ஆமா, வாதாடி ஜெயிச்சார். அடிமையைக் கூட்டிட்டு வந்து ஆறு மாசம் பென்சில்வேனியாவுல தங்க வச்சா அவங்களுக்கு விடுதலைன்னு அங்க சட்டம், ஆனா விட்டு விட்டுத் தங்கினது கணக்குல வராதுன்னு சொல்லி சாரிட்டி பட்லரையும் பிள்ளைங்களையும் அடிமைத்தனத்துக்கே திருப்பி அனுப்ப வச்சார். அதுக்கு நான் சமாதானம் சொல்லல. அப்புறம் தப்பி வந்த அடிமைகளுக்காக எத்தனையோ வழக்குல நின்னாரே, எல்லாருக்கும் சட்டத்துல சமப் பாதுகாப்புன்னு சொல்ற அரசியல் சாசன 14வது திருத்தத்துக்காகக் காங்கிரஸ்ல அத்தனை பாடு பட்டாரே, அதையும் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.

எனக்கு போலியோ, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எட்டாங்கிளாஸ்ல போர்டுல இருந்த கணக்கு தப்புன்னு எழுந்து சொன்னேன். வாத்தியார் டஸ்டரால அழிச்சு சரியா எழுதிட்டு, "காலு கோணலா இருந்தா புத்தியும் கோணலாத்தான் போகும்"னார். கிளாஸே சிரிச்சுது. நான் சொன்னது சரிதான்னு ஒருத்தரும் சொல்லல. ஞாயித்துக்கிழமை அதே சிரிப்பைத்தான் கேட்டேன்.

1868ல ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மேல பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தப்போ ஸ்டீவன்ஸுக்கு நடக்கவே முடியல, நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க, அப்பவும் வந்தார். அந்த ஆகஸ்ட்ல செத்துப்போனார். அவர் வாழ்ந்த பென்சில்வேனியா ஊரான லான்காஸ்டர்ல பெரிய கல்லறைத் தோட்டங்கள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்ததால, எல்லா இனத்தையும் சேர்த்துக்கற ஒரு சின்ன இடத்துல தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்தார். காரணத்தைக் கல்லுலயே வெட்ட வச்சிருக்கார். போய்ப் படிக்கலாம்.

அடுத்த ஞாயிறும் வருவேன், முன் வரிசையிலதான் உக்காருவேன். அந்த வார்த்தையை மேடையில பேசினவர் அதே மைக்குல திரும்ப எடுத்துக்கணும்.