17 சதவீதம் எதில் 17?

பகல்நேரக் காப்பகம் குழந்தையை முரடாக்கும் என்று சொல்லும் ஒரு கட்டுரை, அதற்கு ஆதாரமாக அமெரிக்காவின் என்.ஐ.சி.எச்.டி. (தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனம்) நடத்திய ஆய்வைக் காட்டுகிறது. 1991-ல் தொடங்கி, பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வு அது. 2001 ஏப்ரலில் மாநாட்டில் வாசித்த முடிவுதான் தலைப்புச் செய்தியானது. ஆய்வின் முழு விவரம் ஆய்விதழில் வந்தது 2003-ல். இடைப்பட்ட காலத்தில் நிருபர்கள் கையில் இருந்தது இரண்டு எண்கள்தான்: வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் பிறர் பராமரிப்பில் இருந்தவர்களில் 17%, பத்து மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தவர்களில் 6%.

எதில் 17? நடத்தைச் சிக்கல்களை அளக்கும் கேள்வித்தாளில் சராசரியைவிட ஒரு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதற்கான அளவு) மேலே மதிப்பெண் வாங்கியவர்கள். பெரும்பாலோர் நடுவிலும் சிலர் ஓரங்களிலும் நிற்கும் மணிவடிவப் பரவலில் எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் சுமார் 16% பேர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்பார்கள். அதாவது 17 என்பது சாதாரணம். விசித்திரமாகக் குறைந்திருப்பது 6. 'மூன்று மடங்கு ஆபத்து' என்று எழுதியவர்கள் இதைத் தொடவே இல்லை.

இன்னொன்று, இந்தச் செய்திகளில் காப்பகப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஆய்வு எண்ணியதோ தாயல்லாத எவருடைய பராமரிப்பையும். அப்பா, பாட்டி உட்பட!

குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையும் அல்ல இது. வருமானம், தாயின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் சரிசெய்தாலும் தொடர்புதான் மிஞ்சும், காரணம் கிடைக்காது. தரமான பராமரிப்பில் மொழித்திறன் கூடியதையும், வீட்டு வளர்ப்பின் தாக்கம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக வந்ததையும் அதே ஆய்வுதான் சொன்னது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.