எரிந்த வீடுகளில் படச்சுருள் இல்லை

யூகோஸ்லாவியாவில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் குடும்பத்தைப் பற்றியும் அந்த நாட்டைப் பற்றியும் எடுத்த ஆவணப்படங்களை விடாமல் பார்த்து வருகிறேன். பழைய நாட்டின் மீதான ஏக்கம் 1990-களின் போரின் காயத்தை மூடி மறைத்துவிடுகிறது என்று இந்தப் படங்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 12 லட்சம் பேர் தங்களைச் செர்பியர் என்றோ குரோஷியர் என்றோ சொல்லாமல் ‘யூகோஸ்லாவியர்’ என்றே பதிந்துகொண்டார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய நாடே சிதறிப்போனது. அவர்கள் அட்ரியாடிக் கடற்கரையில் கழித்த கோடை விடுமுறைக்கும், கிழக்கிலும் மேற்கிலும் செல்லுபடியான அந்தச் சிவப்பு பாஸ்போர்ட்டுக்கும் ஏங்கினால் அதை நோய் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அந்த ஏக்கமே காயம்தான்.

என் மனக்குறை வேறு. யாருடைய ஏக்கம் படமாகிறது?

மிலா துராய்லிச்சின் ‘சினிமா கொமுனிஸ்டோ’வில், யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரவுதோறும் படம் ஓட்டிய முதியவர் வருகிறார். 1999 நேட்டோ குண்டுவீச்சில் சிதைந்த டிட்டோவின் பழைய மாளிகைக்குள் அவர் நடக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதே இயக்குநர் 2017-இல் தன் தாயைப் பற்றி எடுத்த படம் இன்னும் கூர்மையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு அவர்களுடைய பெல்கிரேடு வீட்டைப் பிரித்து வேறு குடும்பங்களைக் குடியமர்த்தியது. அன்று பூட்டிய கதவுகள் எழுபது ஆண்டுகளாக வரவேற்பறையில் பூட்டியே கிடந்தன. செர்பிய ஆட்சியாளர் மிலோசெவிச்சை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பேராசிரியை அந்தத் தாய். அவ்வளவு போராடியும் நாடு ஏன் இப்படி ஆனது என்று மகள் கேட்கிறார். தாய் நழுவாமல் பதில் சொல்கிறார். சொந்த வீட்டையே விசாரிக்கும் இந்தத் துணிவை வெகு சில படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த வீடு இன்னும் நிற்கிறது. கிழக்கு போஸ்னியாவில், விஷேகிராடிலும் ஃபோச்சாவிலும், 1992-இல் செர்பியப் படைகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு அது வாய்க்கவில்லை. வீட்டோடு ஆல்பமும் எரிந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். மகனின் புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சாத தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் கேமராவில் கடலோரச் சிரிப்பைப் பதிந்துவைத்த நகரத்துக் குடும்பங்களின் நினைவு மட்டும் திரைக்கு வருகிறது. அதையே அந்த நாட்டின் நினைவு என்று உலகம் எடுத்துக்கொள்கிறது. செர்பியாவின் கீழ் இருந்த கொசோவோ மாகாணத்து அல்பேனியர் ஒருவர் அதே ஆண்டுகளை அதே இனிப்போடு சொல்லமாட்டார்.

படமே இல்லாதபோது என்ன செய்வது? செர்பிய இயக்குநர் ஓக்னியென் கிளவோனிச் ஒரு வழி காட்டியிருக்கிறார். கொசோவோவில் 1999-இல் கொல்லப்பட்டவர்களின் உடல்களை லாரிகளில் ஏற்றிவந்து பெல்கிரேடுக்கு அருகே பட்டாய்னிட்சாவில் ரகசியமாகப் புதைத்தார்கள். அதைப் பற்றிய ‘டுபினா த்வா’ (2016) படத்தில் பேசுபவர் முகம் தெரிவதில்லை. இன்றைய ஆற்றங்கரையும் காலி நிலமும் திரையில் ஓட, யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தில் அளித்த சாட்சியங்கள் மட்டும் ஒலிக்கின்றன. அது குடும்பப் படமல்ல. ஆனாலும் குடும்பப் படம் எடுக்கிறவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த ஸ்லோவேனியாவில் 1992 பிப்ரவரியில் 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து அரசு நீக்கியது. மற்ற யூகோஸ்லாவியக் குடியரசுகளிலிருந்து வந்து அங்கே வாழ்ந்தவர்கள்தாம் பெரும்பாலும். அவர்களுடைய பிள்ளைகள் படம் எடுக்க முன்வந்தால், பழைய வீட்டுக் காட்சிகள் கைவசம் இருக்கின்றனவா என்பதை நிதி தருகிறவர்கள் முதல் கேள்வியாக வைக்கக் கூடாது.